மரச் சாமான்களும் மார்க்கத் தூய்மையும்



தூய்மைக்கு ஈமானில் சரிபாதி இடம் கொடுத்த மார்க்கம் நம்முடையது. உடலையும் உடுப்பையும் தொழும் இடத்தையும் நாம் பேணிக் கொள்கிறோம். ஆனால் உட்காரும் பெஞ்சு, படுக்கும் கட்டில், குர்ஆன் ஷரீஃபை வைத்து ஓதும் ரேஹல் பலகை ஆகியவற்றைப் பற்றி எத்தனை பேர் சிந்திக்கிறோம்?

சேலத்திலிருந்து தர்மபுரி செல்லும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயைக் கடந்து போகிறது. இரவு பகலாக லாரிகள் ஓடும் அந்தச் சாலையோரத்து வீடுகளில் காலையில் துடைத்த மேசை மாலைக்குள் புழுதி படிந்து நிற்கும். தண்ணீரையோ சிக்கனமாகப் புழங்க வேண்டிய சீமை அது. அத்தகைய வீடுகளின் தாய்மார்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. புழுதி, புகை, எண்ணெய்ப் பிசுக்கு, தேநீர்க் கறை இவையெல்லாம் அழுக்குதான்; நஜீஸ் அல்ல. சிறுநீர், இரத்தம் போன்றவையே நஜீஸ். இந்த வேறுபாடு தெரியாமல், குழந்தை ஓரிடத்தில் சிறுநீர் கழித்துவிட்டால் முழுக் கட்டிலையும் முற்றத்தில் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. மரம் நீரைக் குடித்து உப்புகிறது, காயும்போது வெடிக்கிறது, பொருத்துகள் தளர்கின்றன. இது பேணுதல் அல்ல, வஸ்வாஸ்!

நம் இமாம்கள் இதற்கு எளிய வழி காட்டியுள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை நீக்கத் தண்ணீர்தான் வேண்டும். நஜீஸின் பொருளைத் துடைத்தெடுத்துவிட்டு, பட்ட இடத்தின்மேல் சுத்தமான நீர் ஓடும்படி ஊற்றி, நிறமும் வாடையும் சுவையும் நீங்கிவிட்டால் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட, பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீராயின், அந்த இடம் முழுதும் நனையும்படி நீர் தெளித்தாலே போதும். ஹனஃபி மத்ஹபிலோ, செதுக்கு வேலையும் வெடிப்பும் இல்லாத வழுவழுப்பான மரத்தை, நஜீஸின் அடையாளம் போகுமாறு துடைத்தாலே தூய்மையாகிவிடும். வினிகர், பன்னீர் போன்ற சுத்தமான திரவங்களாலும் நஜீஸை நீக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். உறிஞ்சும் மரமானால் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் சொட்டு நிற்கும்வரை விட வேண்டும்.

நாட்டுப்புறத்து அரபி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியில் சிறுநீர் கழித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைக் கடியவிடாமல் தடுத்து, அந்த இடத்தில் ஒரு வாளி நீர் ஊற்றச் சொன்னதாகப் புகாரி ஷரீஃபில் வருகிறது. அல்லாஹ்வின் பள்ளிக்கே ஒரு வாளி போதுமானதாக இருந்தது. நம் கட்டிலுக்குப் பத்து வாளி எதற்கு?

இனி அன்றாட அழுக்கு. பழைய பருத்தி வேட்டித் துணியால் முதலில் உலரத் துடையுங்கள். புழுதியின்மேல் ஈரத் துணியை இழுத்தால் மணல் பாலிஷைக் கீறிவிடும். பிசுக்கு இருந்தால், பூந்திக்கொட்டை ஊறிய நீரிலோ, ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்தோ துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். எதையும் முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. சலவைச் சோடா வேண்டாம். அது அரக்குப் பாலிஷைக் கரைத்துவிடும். சூடான டம்ளர் விட்ட வெள்ளை வளையத்தின்மேல் துளி தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துப் பார்க்கலாம். எண்ணெய் மிஞ்சினால் அதிலேயே புழுதி ஒட்டிக்கொள்ளும். ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே தீப்பற்றக் கூடியது. விரித்து, வெளியில் காயவிட வேண்டும்.

கட்டில் கால்களை ஈரத் தரையில் நிறுத்தாமல் கல்லின்மேல் வையுங்கள். கரையானுக்கு வழி குறையும். நபி சுலைமான் (அலை) அவர்கள் சாய்ந்திருந்த கைத்தடியை அரித்தது பூமியிலுள்ள ஒரு சிறு பிராணிதான். அன்னார் வஃபாத்தானதை அதன் பின்னரே ஜின்கள் அறிந்துகொண்டன என்று ஸூரா ஸபஃ கூறுகிறது. எவ்வளவு பெரிய அரசரின் மரமும் அரிக்கப்படும் என்பதில் நமக்குப் படிப்பினை இல்லையா?

மரம் உயிரற்றது என்று அலட்சியம் செய்யாதீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஈச்ச மரத் தண்டின் அருகே நின்றுதான் குத்பா ஓதி வந்தார்கள். பின்னர் அன்சாரிப் பெண்மணி ஒருவரின் தச்சர் செய்து தந்த மிம்பருக்கு மாறியபோது, பிரிவு தாளாமல் அந்தத் தண்டு அழுதது. பெருமானார் இறங்கி வந்து அதைத் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியடைந்தது.

தாய்மார்களே! பாட்டி தந்த பெட்டியும், பிள்ளைகள் தூங்கிய தொட்டிலும் நம்மிடம் அமானிதம். அவற்றைப் பேணும்போது நம் பள்ளிவாசலின் மூலையில் நிற்கும் இன்னொரு மரத்தையும் நினையுங்கள். அதுதான் சந்தூக்கு. பல ஊர்களில் மவுத்துச் செய்தி வந்த பிறகே அதன் தூசியைத் தட்டுகிறார்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு இளைஞர்கள் போய் அதைத் துடைத்து, ஆட்டம் கண்ட காலைச் சரி செய்து வைக்கக் கூடாதா? நம் வீட்டுக் கட்டிலை நாம் துடைக்காவிட்டால் பிள்ளைகள் துடைப்பார்கள். நாம் கடைசியாகப் படுக்கப் போகும் மரத்தை, கண் திறந்திருக்கும்போதே நம் கையால் துடைத்து வைப்போம்.

அகத்தூய்மையையும் புறத்தூய்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.