எனக்கு மட்டும் ஏன் இப்படி?

  



முன்பு நான் இமாமாக இருந்த ஊரில் ஒரு சகோதரர். சவூதியில் 14 வருடம் உழைத்தவர். மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே கம்பெனி ஊருக்கு அனுப்பிவிட்டது. அநியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆரம்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். ஒரு வருடம் போயிற்று. அஸருக்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் அதே கதை, அதே வார்த்தைகள். தெரிந்த கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சொல்லி வைத்தேன். "எனக்கு எதுவும் அமையாது ஹழ்ரத்" என்றார். போய்ப் பார்க்கக்கூட இல்லை.

அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அந்த பெஞ்சில் இருந்தவன்தான். என்னோடு ஓதியவர்களில் சிலர் இன்று உம்ரா சர்வீஸ் நடத்துகிறார்கள், சொந்த வீடு கட்டிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் சம்பளக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மனைவி கேட்டார்: "ஊருக்கே சொல்றீங்களே, அல்லாஹ்கிட்ட ஒரு நாளாவது இதைச் சொல்லி அழுதிருக்கீங்களா?" என்னிடம் பதில் இல்லை. மிம்பரில் சபுரைப் பற்றி எத்தனை ஜுமுஆ பேசியிருப்பேன்!

கவலைப்படுவது ஈமானுக்குக் குறைவு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். யூசுஃப் அத்தியாயத்தைப் பாருங்கள். மகனைப் பிரிந்து பல வருடங்கள் கழித்து இன்னொரு மகனும் போய்விட்ட செய்தி வருகிறது. யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின என்று 84ஆம் வசனம் சொல்கிறது. பிள்ளைகளோ, "இன்னுமா யூசுஃபை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்ற தோரணையில் கேட்கிறார்கள். என் கவலையையும் துக்கத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்கிறார்கள் நபி. இது 86ஆம் வசனம். நாம் பெரும்பாலும் இங்கேயே பயானை முடித்துவிடுகிறோம். அடுத்த வசனத்தையும் ஓதுங்கள். கண் பார்வை போன அந்தப் பெரியவர் பிள்ளைகளைப் பார்த்து, போய் யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறார். அழுகை நிற்கவில்லை, தேடுதலும் நிற்கவில்லை.

சுயபச்சாதாபத்தில் அழுகை மட்டும் இருக்கும், தேடுதல் இருக்காது. ஏன் அதிலேயே மாட்டிக்கொள்கிறோம்? அதில் ஒரு கூலி கிடைக்கிறது சகோதரர்களே! கேட்கிறவர் "பாவம்" என்று சொல்லும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது. அதோடு ஒரு லீவு லெட்டரும் கிடைத்துவிடுகிறது. "எனக்கு இப்படி நடந்துவிட்டது, இனி என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்." கஷ்டம் தீர்ந்தால் கூலியும் போய்விடும், லீவும் முடிந்துவிடும். அதனால் காயம் ஆறுவதற்கு நாமே விடுவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்ட ஒரு துஆவை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. முதலில் கவலையையும் துக்கத்தையும் விட்டுப் பாதுகாப்புத் தேடுகிறார்கள். உடனே அடுத்து இயலாமையும் சோம்பலும் வருகின்றன. அந்த வரிசையை யோசித்துப் பாருங்கள். துக்கத்துக்கு அடுத்த வீடு இயலாமை, அதை ஒட்டி சோம்பல். அதே துஆவின் கடைசியில் கடன் சுமையும் மனிதர்களின் ஆதிக்கமும் வருகின்றன. வெளியிலிருந்து வரும் அநியாயம் பொய் என்று நபியவர்கள் சொல்லவில்லை.

சிலருக்கு இந்தக் கவலை நோயாகவே முற்றியிருக்கும். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, படுக்கையை விட்டு எழ முடியாது. அவர்களுக்கு பயான் பண்ணாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

அய்யூப் (அலை) அவர்களையும் பாருங்கள். எனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது, நீயோ மிகப் பெரும் கருணையாளன் என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அன்பியா அத்தியாயம் 83ஆம் வசனம். அப்படி முறையிட்டவரைத்தான் பொறுமையாளர் என்று ஸாத் அத்தியாயத்தில் அல்லாஹ் புகழ்கிறான். அல்லாஹ்விடம் அழுவது சபுருக்கு மாற்றமல்ல. பதில் எப்படி வந்தது? உன் காலால் பூமியை உதை என்று! நீண்ட நாள் நோயாளியிடம் சொல்லப்பட்டது இது. தண்ணீரை அல்லாஹ்தான் தந்தான், ஆனால் காலை அவர் அசைக்க வேண்டியிருந்தது.

இன்று இரவு, அதே கதையை இன்னொருவரிடம் சொல்வதற்கு முன் இரண்டு ரக்அத் தொழுது, நமக்குத் தெரிந்த தமிழில் அல்லாஹ்விடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு, உங்கள் கால் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு வேலை எது என்று பாருங்கள். கணக்கு எழுதும் வேலையாகக்கூட இருக்கலாம்.

யா அல்லாஹ்! அநியாயத்தால் கஷ்டப்படுகிறவர்களின் ஹக்கை அவர்களிடம் சேர்ப்பாயாக! வேலை இழந்தவர்களுக்கு ஹலாலான ரிஸ்கின் வாசலைத் திறப்பாயாக! ஆமீன்.