வியாதியும் வினையும்

திருப்பதியில் கோடைதோறும் தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு ஜாத்திரை நடக்கும் வாரத்தில், ஆடவர்கள் புடவை கட்டிப் பூச்சூடி நேர்த்திக்கடனாக வீதியில் வருவதும், ஊர் அவர்களுக்குக் கைகூப்பி வழிவிடுவதும் பழைய சம்பிரதாயம். வைசூரி போன்ற வெப்புநோய்களுக்கு அதிதேவதையான அந்த அம்மனைப் போற்றும் வீடுகளில், வேப்பிலைக்கு நடுவே கிடப்பவனை என்ன பாபம் செய்தாய் என்று கேட்பதைவிட, அம்மன் வந்திறங்கிய தேகமென்று பயபக்தியோடு பணிவிடை செய்வதே பெருவழக்கு. இம்மரபில் வந்த நாம் எய்ட்ஸ் கண்டவனை மட்டும் பாபியாக்கியது எந்த நியாயத்தால்?

1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் திரட்டி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்த இரத்தத்தில்தான் இந்தியாவில் எய்ட்ஸை உண்டாக்கும் கிருமி முதன்முதலாக அறியப்பட்டது. அது பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்தமாதலால், ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனை என்ற பேச்சு அன்றே கிளம்பிவிட்டது. ஆணை நேசிக்கும் ஆணுக்கோ இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு முன்னமே குற்றவாளிப் பட்டம் கட்டியிருந்தது. சாதாரண ஜுரத்துக்கும் நடுங்கி, சோதனைக்குப் போனால் நோயோடு நேசமும் அம்பலமாகுமே என்று ஒளிந்து, உயிர்க்குயிரானவன் மாண்ட வீட்டில் என்ன முறை சொல்லி அழுவதென்று தெரியாமல் வாசலோடு திரும்பியவனின் மனோவியாதிக்கு மருந்து ஏது? வேஷத்தைக் கும்பிடும் ஊர், ஸ்வபாவத்தைக் கண்டு முகம் திருப்பிக்கொண்டது.

எல்லாம் கர்மபலன் என்பார் உண்டு. கட்டிய கணவனன்றி வேறொருவரை அறியாத மனைவியையும், கருவிலிருந்த சிசுவையும் பற்றிய கிருமிக்குப் பாபபுண்ணிய விவேகம் இருப்பதாகத் தெரியவில்லை. மேலும் கர்ம சித்தாந்தம் அவரவர் தம்மைச் சோதித்துக்கொள்வதற்கு ஏற்பட்டதேயன்றி, அயலான்மேல் தீர்ப்புச் சொல்வதற்கு ஏற்பட்டதன்று.

2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கியது. 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் ஆணுக்கு ஆண்மேல் உள்ள நேசத்தைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. தவறாமல் மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை அடைந்து அதில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே நோய் பரவாதென்று விஞ்ஞானமும் நிச்சயித்துவிட்டது. ஆயினும் மாத்திரையோ தீர்ப்போ போக்கமுடியாத லஜ்ஜை எஞ்சியிருக்கிறது. அதைப் போக்கவேண்டியவர்கள் உற்றாரும் ஊராருமே. ஒருவனுக்கு வந்த நோய் எந்த ஜன்மத்து வினையென்று நாம் அறியோம். அவன் நமக்கு அஞ்சி மருந்தின்றி மாண்டால் அது நம் வினை என்பதை அறிவோம்.