ஆறு கொம்பு முளைத்தால் என்ன?

கடை அலமாரியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. தலையில் ஆறு ஆன்டெனா. "வைஃபை சிக்ஸ் சார், வீடு பூரா பறக்கும்" என்கிறார் கடைக்காரர். விலை நாலாயிரம். உங்கள் தலை தானாக ஆடுகிறது. ஏன் ஆடுகிறது? "இதெல்லாம் நமக்கெங்கே புரியும்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், அதனால்!

கிழித்துப் போடுங்கள் அந்தத் தீர்ப்பை. நீங்கள் ஆம்பூர்க்காரர். இல்லையென்றால் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. தோல் வாசனையில் வளர்ந்தவர். உங்கள் ஊர் டேனரியில் வெட் ப்ளூ தோலை ஒரே புரட்டாகப் புரட்டி, விரலால் தடவி, இது முதல் தரம், இதில் உண்ணிக் கடி, இதில் கத்தி வெட்டு என்று பிரித்துப் போடுகிறாரே ஒருவர், அவர் எந்தப் பட்டம் வாங்கினார்? தொட்டுப் பார்க்காமல் அவரிடம் ஒரு தோலை யாராவது தள்ளிவிட முடியுமா? அந்தக் கண்டிப்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவிடமும் காட்டுங்கள். கொம்பு இருந்தால் அதற்குப் பணிந்துவிட வேண்டுமா?

புதுசுக்குப் பயந்த வட்டாரம் என்று நம்மை யாரும் சொல்லிவிட முடியாது. 1973இல் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. அதை நம்பித்தான் இங்கே பெரும்பாலான அடுப்புகள் எரிந்தன. தலையில் கைவைத்து உட்கார்ந்தோமா? முழுப்பதத் தோலுக்கு ஏறினோம், அங்கிருந்து ஷூ அப்பருக்கு, பிறகு முழு ஷூவுக்கு. 1990 வாக்கில் ஜெர்மனி, பென்டாகுளோரோபீனால் கலந்த தோல் இனி வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட மருந்து அது. மருந்தை மாற்றினார்கள், டிரம்மை யாரும் உடைத்துப் போடவில்லை. எங்கே கோளாறோ அங்கே கைவைக்கத் தெரிந்த கூட்டம் இது. (டேனரிக் கழிவுநீரால் பாலாற்றுக்கு நாம் செய்ததை இந்தப் பெருமையில் சேர்க்க மாட்டேன். 1996இல் உச்ச நீதிமன்றம் ஓங்கிக் குட்டிய பிறகுதான் பலருக்கு அந்தப் புத்தி வந்தது.)

ஆகவே இன்று இரவே கோளாறைத் தேடுங்கள். முதலில் பில்லை எடுங்கள். எத்தனை எம்பி பிளான்? 50ஆ, 100ஆ? லேப்டாப்பை லேன் ஒயரால் ரௌட்டரோடு நேராக இணைத்து வேகத்தைப் பாருங்கள். 100 வரவேண்டிய இடத்தில் ஒயரிலேயே 20தான் வருகிறதா? பெரும்பாலும் குற்றம் தெருவில் வருகிற லைனில். ஆறு கொம்பென்ன, அறுபது கொம்பு நட்டாலும் அது தீராது! இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், புகார் எண் வாங்குங்கள். கெஞ்சாதீர்கள், மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவர் நீங்கள். அந்தப் பெட்டியே அவர்கள் தந்ததென்றால், மாற்றித் தரும்படி முதலில் அவர்களிடம் கேளுங்கள். லேப்டாப் இல்லாதவர்கள் போனை ரௌட்டர் பக்கத்தில் வைத்து, அதன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரில் சேர்ந்து பார்க்கலாம்.

பக்கத்தில் பறக்கிறது, உள்ளறையில் படுத்துவிடுகிறது என்றால் சண்டை சுவரோடு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைவு. போதாததற்கு, ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் நம் சந்துகளில் அத்தனை பேரும் அந்த 2.4இல்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றே: 1, 6, 11. உங்கள் ரௌட்டர் இப்போது எங்கே இருக்கிறது? இரும்பு பீரோவுக்குப் பின்னாலா, டிவிக்கு அடியிலா, ஷீட் கூரையை ஒட்டி மே மாத வேலூர் வெயிலில் வெந்துகொண்டா? வெளியே எடுங்கள், வீட்டு நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். காசு செலவில்லை. அப்படியும் உள்ளறைக்கு எட்டவில்லையென்றால் ஒரு லேன் ஒயர் இழுத்து, பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரை ஆக்சஸ் பாயின்டாக அங்கே மாட்டலாம். அடிக்கடி தானாக அணைந்து எரிகிறதா? அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதே வோல்ட், ஆம்பியர் குறையாமல் வேறொன்று மாட்டிப் பாருங்கள்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். நம் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் அம்மாவுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நாலாயிரம் ரூபாய்க்கு அவர் விரல் எத்தனை ஜோடி குத்துப்பட வேண்டும்? அந்தப் பணத்தை ஒரு அட்டைப்பெட்டி விளம்பரம் தின்ன விடலாமா? பிள்ளையின் வீடியோ வகுப்புக்கு நொடிக்கு 3, 4 மெகாபிட் போதும். 4கே சினிமாவுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15தான்.

சோதித்த பிறகும் குற்றம் பெட்டியிலேதான் என்று தெரிகிறதா? அப்போது வாங்குங்கள், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்! 200 எம்பி பிளான் போட்டுவிட்டு 100க்கு மேல் தாங்காத போர்ட்டுள்ள ரௌட்டரை வைத்திருந்தால், மாதாமாதம் பாதிப் பணம் வீண். 2.4 மட்டும் தெரிந்த பெட்டியில் எட்டுப் போன் தொங்கினால் அதை வழியனுப்புங்கள். 2019இல் வந்த வைஃபை 6 ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் பங்கு போடுவதில் கெட்டி. ஆனால் உங்கள் போன்களிலும் வைஃபை 6 இருந்தால்தான் முழுப் பலன். செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். 2024இல் சான்றிதழ் தரத் தொடங்கிய வைஃபை 7க்கு நம் வீடுகளில் இப்போதைக்கு அவசரமில்லை என்பது என் கணக்கு.

வேகமானியில் தெரியாத காரணமும் ஒன்றுண்டு: கம்பெனி மென்பொருள் அப்டேட் தருவதை நிறுத்திய ரௌட்டர் நன்றாக ஓடினாலும் அதை மாற்றத்தான் வேண்டும். 2016இல் மிராய் என்ற தீம்பொருள், ஆலை போட்டனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் உலகமெங்கும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அவற்றை ஏவித்தான் அந்த அக்டோபரில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் அமெரிக்காவில் பல மணி நேரம் திணற வைத்தார்கள். உங்கள் பெட்டியில் இன்னும் "அட்மின், அட்மின்"தானா? எழுந்திருங்கள், இப்போதே போய் மாற்றுங்கள்!