அந்த டிக்கை நீங்கள் போடாதீர்கள்

மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கும் தம்பிகளே, தங்கைகளே, இது உங்களுக்கு. கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் புத்தி சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் இதை அணை, அதை நிறுத்து, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள் என்று ஓயாமல் சொல்கிறார்கள். எழுதுகிற கையைப் பார்த்து ‘இதைச் செய்யாதே’ என்று சொல்பவர்கள்தான் குறைவு. சிறுசேரியிலும் தரமணியிலும் பீளமேட்டிலும் உட்கார்ந்து உலகத்துக் கம்பெனிகளுக்கு நிரல் எழுதிக் கொடுப்பது நம் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிறுவல் திரையை எடுத்துக்கொள்வோம். நடுவில் ‘பரிந்துரைக்கப்படும் முறை’ என்று நீலநிறத்தில் பெரிய பொத்தான். அதன் கீழே கண்ணில் படாத சாம்பல் நிறத்தில் ‘மேம்பட்ட அமைப்புகள்’. அதை அமுக்கினால்தான் மூன்று பெட்டிகள் தெரியும். மூன்றிலும் ஏற்கெனவே டிக். ‘தயாரிப்பை மேம்படுத்த உதவுகிறேன்.’ ‘கணினி தொடங்கும்போதே இதையும் தொடங்கு.’ ‘கூட்டாளி நிறுவனங்களின் சலுகைகளைப் பெற விரும்புகிறேன்.’ யார் விரும்பியது? பயனர் வாயைத் திறக்கும் முன்பே அவர் சார்பில் ஒருவர் ‘ட்ரூ’ என்று எழுதினார், இன்னொருவர் ரிவ்யூவில் சரி என்றார், மூன்றாமவர் டெஸ்டிங்கில் பாஸ் போட்டார்.

ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பார் ஒட்டிக்கொண்டு வந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். டிக்கை எடுக்க மறந்தவரின் கணினியில் அது உடனே ஏறிவிடவில்லை. ஜாவா ஏறி முடிந்தபின் பத்து நிமிடம் காத்திருந்து சத்தமில்லாமல் ஏறியது என்பதை 2013-இல் எட் பாட் என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் சோதித்துப் பார்த்து எழுதினார். சந்தேகப்பட்டு உடனே கன்ட்ரோல் பேனலைத் திறந்து பார்ப்பவரின் கண்ணில் படக் கூடாது என்பதைத் தவிர அந்தப் பத்து நிமிடத்துக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காத்திருப்பையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். டைமர் தானாக முளைக்காது.

இது போனால் போகிறது என்று விடக்கூடிய சில்லறைத் தொல்லை. லெனோவோ மடிக்கணினிகளில் நடந்தது அப்படி இல்லை. 2014 கடைசியில் விற்ற பல மாடல்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைக் கடைக்கு வருமுன்பே ஏற்றியிருந்தார்கள். நீங்கள் பார்க்கும் பக்கங்களுக்குள் அது தன் விளம்பரங்களைச் செருக வேண்டும். ஆனால் பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள் நுழைய முடியாது. அதற்கு ஒரு வழி செய்தார்கள். தங்களுடைய சொந்த மூலச் சான்றிதழை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதன்பின் வங்கிப் பக்கமானாலும் நடுவில் உட்கார்ந்து படிக்கலாம். பூட்டுக்குறி மட்டும் அப்படியே தெரியும். இதைவிட மோசம், எல்லா மடிக்கணினியிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளிவந்ததும் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்தில் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார். நடுவில் உட்கார்ந்து படிக்கும் அந்தப் பாகத்தைச் செய்து கொடுத்த கம்பெனியின் பெயரைத்தான் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். காபிக் கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரர்கூட உங்கள் வங்கிப் பக்கத்தை ஒட்டுக்கேட்கலாம் என்ற நிலை. வீடு கட்டிக் கொடுத்த கொத்தனார் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போனால் அவரைத் தெருவில் நடமாட விடுவோமா? இந்தத் தொழிலில் மட்டும் அதற்கு ‘பயனர் அனுபவத்தை மேம்படுத்துதல்’ என்று பெயர் வைக்க முடிகிறது.

இதற்குப் பத்தாண்டு முன்பே, 2005-இல், சோனி பிஎம்ஜி தன் பாட்டு சிடிகளுக்குள் ரூட்கிட் ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டது. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்கள் அதே மறைவிடத்தில் தங்கள் சரக்கையும் ஒளித்தார்கள். காவலுக்கு என்று வைத்ததே விற்ற கதையும் உண்டு. அவாஸ்ட் ஆன்டி-வைரஸ், பிறர் வேவு பார்ப்பதைத் தடுக்கிறேன் என்று சொல்லிக் கணினிக்குள் வந்தது. மக்கள் எந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 100-க்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றது. நோய், மதம், அரசியல், கடன் என்று ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து தேடுகிற எல்லாம் அதில் இருந்தன. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. கம்பெனி கட்டியது. விற்கப்பட்டுப் போன விவரத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆணையத்தாலும் ஆகாது.

‘மேலிடம் சொன்னது, செய்தேன்’ என்று நீங்கள் சொல்வீர்கள். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து ஒரு செய்தி. ஃபோக்ஸ்வாகன் கார்கள் புகைச் சோதனை நடப்பதை அறிந்து, அப்போது மட்டும் ஒழுங்காக ஓடும்படி மென்பொருள் செய்த வழக்கில் ஒரு பொறியாளருக்கு 2017-இல் டெட்ராய்ட் நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. அவர் முதலாளி இல்லை. சொன்னதைச் செய்தவர்.

‘நான் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான்’ என்பது அடுத்த சமாதானம். எழுதட்டும். அந்த இன்னொருவனும் உங்களைக் காட்டித்தான் இதே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறான். யாராவது ஒருவர் முதலில் நிறுத்தினால்தான் அவனுக்கும் நா எழும்.

கொழுப்பு ஏறிய மென்பொருளையும் இதே கணக்கில் வைக்கிறேன். அது வெறும் அழகுக் குறை என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 எம்பி. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி, அதாவது ஆயிரம் மடங்கு. அதிலும் இழுத்துப் பறித்துத்தான் ஓடும். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டிருக்கிறது என்று பாஸ்கல் மொழியைத் தந்த நிக்லாஸ் விர்த் 1995-லேயே கட்டுரை எழுதி எச்சரித்தார். செயலிக்குள் பிரவுசரையே வைத்துக் கொடுக்கும் எலெக்ட்ரான்கூட அப்போது வரவில்லை. இன்று குறிப்பெடுக்க ஒரு செயலி, அரட்டைக்கு ஒன்று, மீட்டிங்குக்கு ஒன்று என மூன்றைத் திறந்தால் மூன்று முழு பிரவுசர்கள் உள்ளே உட்கார்ந்துகொள்கின்றன. உங்கள் மேசையில் 32 ஜிபி இருப்பதால் உங்களுக்கு உறைக்காது.

தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பழைய பெட்டி, இரண்டு கீபோர்டு மாற்றியது, எழுத்துகள் தேய்ந்து போனது. வருமானச் சான்றுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் வரிசை வாசல் வரை நிற்கிறது. கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி. ஆதாரை ஸ்கேன் செய்து ஏற்றும் நேரத்தில் பின்னணியில் ஏதோ ஒன்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது, இன்னொன்று மூலையில் எட்டிப் பார்த்து ‘எங்கள் புதிய வசதியைப் பார்த்தீர்களா?’ என்கிறது, மவுஸ் வட்டம் சுற்றுகிறது. கடைக்காரம்மா ‘செத்த இருப்பா, சிஸ்டம் ஸ்லோ’ என்கிறார். சிஸ்டத்தின் மேல் பழி. அந்தப் பெட்டியின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ஊரார் ஆதார், பட்டா, மதிப்பெண் பட்டியல் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. 2024-இல் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் கேள்வி கேட்காமலே ஒன்டிரைவுக்குப் பிரதி எடுக்கப்படுவதைத் தொழில்நுட்ப இதழ்கள் எடுத்துக் காட்டின. அப்படி ஒரு டிஃபால்ட்டை வைப்பவர் மனக்கண்ணில் ஒரே ஒரு பயனர் இருக்கிறார்: தன் கல்யாணப் படங்களைத் தொலைத்துவிடப் போகிற ஒருவர். இந்தக் கடையும் அந்த வரிசையும் அவர் கண்ணில் வரவில்லை.

உங்களில் எத்தனை பேர் 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினியில் முதல் சி நிரலை எழுதினீர்கள்? இப்போது நீங்கள் எழுதுவது அந்த மடிக்கணினியில் திறக்குமா?

டெலிமெட்ரியே கூடாது என்று நான் வாதாடவில்லை. செயலி எங்கே விழுந்தது என்று தெரியாமல் பிழையைத் திருத்த முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் கேட்டு வாங்க முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். டெபியன் லினக்ஸை நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: எந்தத் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கெடுப்பில் சேர விருப்பமா? ‘இல்லை’ என்பதே முன்கூட்டித் தேர்வாகி இருக்கும். என்டரைத் தட்டிவிட்டுப் போகிறவரிடமிருந்து எதுவும் போகாது. சிங்க்திங் தன் கணக்கெடுப்பில் சேரச் சொல்லும்போது, என்னவெல்லாம் அனுப்பப்போகிறது என்பதை முன்னதாகவே திறந்து காட்டுகிறது. இவ்வளவுதான் வேண்டும். கட்டற்ற மென்பொருள் என்ற பெயர் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 2012-இல் உபுண்டு 12.10, பயனர் தன் சொந்தக் கோப்பைத் தேடத் தட்டிய எழுத்துகளையும் அமேசான் பொருள்களைக் காட்டுவதற்காக வெளியே அனுப்பியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வேவு மென்பொருள் என்றே சொன்னார். டிஃபால்ட்டை அணைக்க அவர்களுக்கு 2016 வரை ஆனது.

விஎல்சி பிளேயரை எல்லோரும் பயன்படுத்தியிருப்பீர்கள். பாரிஸில் மாணவர்கள் தொடங்கியது. அதை நடத்தும் ழான்-பாப்டிஸ்ட் கெம்ப்ஃபிடம் விளம்பரமும் டூல்பாரும் சேர்க்கச் சொல்லிப் பல கோடி யூரோ வரை பேரம் வந்தது. மறுத்தார். அதனால்தான் இன்றும் விஎல்சியைத் திறந்தால் படம் ஓடுகிறது, வேறொன்றும் ஓடுவதில்லை. உங்களுக்கு அந்த அளவு பேரம் வரப்போவதில்லை. உங்களுக்கு வருவது அப்ரைசலும் ஐந்து சதவீத உயர்வும்தான். மறுப்பதற்கு அது சுலபமான தொகை.

எதிர்த்தால் நடக்காது என்பதும் பொய். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ரீகால் என்ற வசதியை அறிவித்தது: சில நொடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துச் சேமித்துவைத்துத் தேடிக் கொடுக்கும். அந்தச் சேமிப்பை எவ்வளவு எளிதாகப் படித்துவிடலாம் என்று கெவின் போமாண்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். ஜூனிலேயே வெளியீடு தள்ளிப்போனது. 2025 ஏப்ரலில் வந்தபோது, பயனர் தானே இயக்கினால்தான் இயங்கும் என்று மாறியிருந்தது. அப்படியும் ஓட்டை மிச்சம். நான் உங்களுக்கு அனுப்பும் செய்தி உங்கள் திரையில் படமாகிறதே, என்னை யார் கேட்டார்கள்? சிக்னல் செயலிக்காரர்கள் 2025-இல் அந்தப் படப்பிடிப்பைத் தடுக்க, திருட்டு சினிமாவைத் தடுப்பதற்காக விண்டோஸில் வைத்திருந்த வசதியை எடுத்து மாட்ட வேண்டியிருந்தது. ஒரு கூட்டம் எழுதியதை மறிக்க இன்னொரு கூட்டம் ராத்திரி கண் விழிக்கிறது. இரண்டு பக்கத்திலும் நம் பிள்ளைகளின் உழைப்புதான் வீணாகிறது.

அவசரம் ஏன் என்றால், இந்த ஆண்டுகளில்தான் ஒவ்வொரு டெஸ்க்டாப் மென்பொருளுக்குள்ளும் ஏஐ உதவியாளரைத் திணிக்கச் சொல்லி டிக்கெட் வருகிறது. அது கோப்பைப் படிக்க வேண்டும், மெயிலைப் படிக்க வேண்டும், திரையைப் பார்க்க வேண்டும். இப்போது நீங்கள் வைக்கும் டிஃபால்ட் இன்னும் பத்து வருடம் நிற்கும். சட்டமும் உங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்றால் அது தெளிவான செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால், மீறலின் வகையைப் பொறுத்து, தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027-இல் நடப்புக்கு வருகின்றன. முன்கூட்டியே போட்ட டிக் எந்தத் தெளிவான செயலில் சேரும் என்று மேனேஜரைக் கேளுங்கள்.

வீட்டுக் கடன் இருக்கிறது, அப்பாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. திங்கட்கிழமை பிளானிங்கில் அப்படி ஒரு டிக்கெட் வந்தால், என்ன விவரம், யாருக்குப் போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்று அந்த டிக்கெட்டிலேயே கேள்வியாக எழுதுங்கள். ஸ்டாண்ட்அப்பில் வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். டிஃபால்ட்டை ‘ஃபால்ஸ்’ என்று வைத்து ரிவ்யூவுக்கு அனுப்புங்கள். ‘ட்ரூ’ ஆக்கச் சொன்னால், சொல்பவர் தன் பெயரோடு காரணத்தை அங்கேயே எழுதட்டும் என்று சொல்லுங்கள். பலர் எழுத மாட்டார்கள். எழுதினால், அதில் ஒரு நகலைச் சட்டப் பிரிவுக்குப் போடுங்கள்.