வெட்டுக்கிளி என்று சொன்னது யார்?



எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கானானை வேவு பார்க்க 12 பேர் போனார்கள். 40 நாள் சுற்றிவிட்டு, ஒரே திராட்சக்குலையை இரண்டு பேராகத் தடியில் சுமந்து வந்தார்கள். அப்படியிருந்தும் 10 பேர், இராட்சதருக்கு முன்னால் நாங்கள் வெட்டுக்கிளிகள் என்றார்கள். எந்த இராட்சதனும் வாய் திறந்து அப்படிச் சொன்னதாக அங்கே இல்லை. தாங்களே சூட்டிக்கொண்ட பேர் அது! பலன்? நாளுக்கு ஒரு வருஷமாக 40 வருஷம் வனாந்தரம்.

வீடு சந்திக்கப் போகிற இடத்தில் நான் கேட்பதும் இதே பேச்சுதான். "பாஸ்டர், இந்த வயசுல எனக்கு எழுத்து ஏறுமா?" "பத்தாவதுல தோத்தவன், திரும்ப எழுதி என்ன ஆகப்போகுது?" அப்படி உங்களுக்குச் சொன்னது யார்? கர்த்தரா, நீங்களா?

காலேபைப் பாருங்கள். வேவு பார்த்தபோது வயது 40. 85 வயதில் யோசுவாவிடம் வந்து, ஏனாக்கியர் இருந்த அதே மலைநாட்டைக் கேட்டார், எபிரோனைச் சுதந்தரித்தார். இராட்சதர் குட்டையாகிவிடவில்லை. காலேப் தன்னை அவர்களோடு அளக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாரம் முழங்காலில் நின்று, 'என்னால் ஆகாது' என்ற அந்தப் பேச்சைக் கர்த்தருடைய பாதத்தில் விட்டுவிடுங்கள். எழுந்ததும் சிலேட்டை எடுங்கள். பரீட்சை ஃபாரத்தை நிரப்புங்கள். காலேபும் மலையைக் கேட்டதோடு நிற்கவில்லை, ஏறிப்போனார். ஆமென், அல்லேலூயா!