ஒரு நாள் காலியாக இருக்கட்டும்

அக்கா மகன் மியூனிக்கில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மாமா, கட்டுமரத்துல கடலுக்குப் போகப் போறேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீச்சல் குளத்திலேயே ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பையன் அவன்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, கிரீஸ் நாட்டின் மேற்குக் கரையில் 'கேடமரான்' ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். நாற்பது அடி நீளப் பாய்மரப் படகு. நாலு படுக்கையறை, சமையலறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் உண்டு. பிரேவேசா என்ற ஊரில் சனிக்கிழமை மாலை ஏறினால், தீவு தீவாகத் தாவிவிட்டு, அடுத்த சனிக்கிழமை காலையில் அங்கேயே இறங்க வேண்டும். நடுவே லெஃப்கடா, மெகனீசி, இத்தாக்கா, கெஃபலோனியா.

"கேடமரான்னா நம்ம கட்டுமரம்தானே மாமா?" என்று பெருமையாகக் கேட்டான்.

பேர் நம்முடையது, சந்தேகமே இல்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் ஆள் வேறு. நம்முடையது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. கேடமரான் என்பது இரண்டு ஒல்லியான படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே தளம் போட்டது. அந்த வித்தை பசிபிக் தீவுக்காரர்களுடையது. இரட்டைப் படகு என்பதால் காற்றில் அதிகம் சாயாது. டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கவலையில்லாமல் கடலைப் பார்க்கலாம். குடும்பஸ்தர்கள் அதைத் தேடிப் போவது இதனால்தான்.

பயணத் திட்டத்தை அனுப்பியிருந்தான். எக்ஸெல் ஷீட். திறந்து பார்த்தேன், ரயில்வே கால அட்டவணை தோற்றது போங்கள்! ஞாயிறு 8.00 டிபன். 9.00 லெஃப்கடா பாலம். 12.15 மெகனீசியில் குளியல். 13.30 போட்டோ. செவ்வாய் மாலை 5.00 முதல் 5.45 வரை 'டால்பின் பார்த்தல்' என்று ஒரு கட்டம். டால்பினுக்கு யார் தகவல் சொல்வது என்று மட்டும் போடவில்லை.

இந்த ஷீட்டைப் படகின் ஸ்கிப்பருக்கும் அனுப்பியிருக்கிறான். உள்ளூர்க்காரர், அறுபது வயது. அவரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்ததாம். திட்டம் நன்றாக இருக்கிறது, அதில் ஒரு நாளை முழுசாக அழித்துவிடுங்கள், எந்த நாள் என்பதை நான் அங்கே வந்து சொல்கிறேன் என்று!

"ஒரு நாள் வாடகை என்னன்னு தெரியுமா மாமா? சும்மா அழிக்கச் சொல்றாரு!" என்று புலம்பினான்.

காற்றுக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்றேன். அயோனியக் கடல் கோடையில் பெரும்பாலும் சாது. மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மெல்லக் காற்று எழும், பாயை விரித்தால் போதும். ஆனால், சாதுவும் மிரளும். 2020 செப்டம்பரில் 'இயானோஸ்' என்ற புயல் இதே கெஃபலோனியாவையும் இத்தாக்காவையும் புரட்டிப்போட்டது. சிறு துறைமுகங்களில் கட்டிவைத்திருந்த படகுகள் மூழ்கின. காற்றுக்கு எக்ஸெல் தெரியாது.

"அது இல்ல மாமா, வேற ஒரு பிரச்னை" என்றான். குரல் இறங்கிவிட்டது. எட்டுப் பேரில் ஒரு பெண் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய செய்தியைப் போட்டுவிட்டு, 'இந்தக் கடலில் நாம் குளித்துக் கும்மாளமடிப்பது சரியா?' என்று கேட்டிருக்கிறாள். இரண்டு நாளாகக் குழுவில் யாரும் பேசவில்லை.

"நீங்க சொல்லுங்க மாமா. நாங்க போறது தப்பா?"

அந்தச் செய்தி இதுதான்.

2023 ஜூன் 14. அதே அயோனியக் கடல். கிரீஸின் பைலோஸ் ஊருக்கு அப்பால், நடுராத்திரி கடந்த நேரத்தில், லிபியாவிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்ட 'அட்ரியானா' என்ற மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்தது. உள்ளே சுமார் 750 பேர். பாகிஸ்தானியர், சிரியர், எகிப்தியர், பாலஸ்தீனர். பிழைத்தவர்கள் 104 பேர். கப்பலின் அடித்தட்டில் இருந்த பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது. உதவிக்கு அழைக்கப்பட்டு வந்தவற்றில் ஒன்று, 'மாயன் குயின் 4' என்ற கோடீஸ்வர உல்லாசப் படகு. தொண்ணூறு மீட்டருக்கு மேல் நீளம். தப்பியவர்களில் சுமார் நூறு பேரை ஏற்றிக்கொண்டு போய்க் கலமாதா துறைமுகத்தில் இறக்கிவிட்டது அதுதான். உப்பு ஊறிய உடம்போடும் போர்வையோடும் அவர்கள் அந்தப் படகிலிருந்து இறங்கியதை உலகமே பார்த்தது.

அந்தப் பெண்ணுக்கு உறுத்தியது இந்தக் காட்சிதான். எனக்கோ வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து மேற்கே போனால் சிசிலித் தீவு. அதன் தென்கிழக்கு முனையில் போர்ட்டோபாலோ என்ற மீனவ ஊர். 1996 கிறிஸ்துமஸ் இரவில், அந்த முனைக்கும் மால்டாவுக்கும் நடுவே ஒரு படகு மூழ்கியது. குறைந்தது 280 பேர் இறந்தார்கள். எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லை என்பதுபோல வருடங்கள் ஓடின.

ஆனால், ஊர் மீனவர்களுக்குத் தெரியும். அவர்கள் வலையில் மீனோடு உடல்கள் வந்தன. எடுத்தார்கள், திரும்பக் கடலிலேயே போட்டார்கள். கடைசியில் ஒரு மீனவரின் வலையில் வந்த துணியில் ஓர் அடையாள அட்டை இருந்தது. 17 வயது இலங்கைத் தமிழ்ப் பையனுடையது. அந்த மீனவர் அதை ஒரு பத்திரிகையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 2001-ல் கடலுக்கடியில் கேமரா இறக்கிப் படம் எடுத்த பிறகுதான் உலகம் நம்பியது.

உடலைத் திருப்பிக் கடலில் போட்டவர்கள் ராட்சசர்களா? இல்லை. கரைக்குக் கொண்டுபோனால் விசாரணை வரும். படகைக் கட்டிப்போடுவார்கள். நாலு நாள், ஐந்து நாள் கடலுக்குப் போக முடியாது. அவர்கள் வாரத்தில் காலியாக ஒரு நாள்கூட இல்லை.

உல்லாசப் படகிடம் நேரம் கொட்டிக் கிடந்தது, கூப்பிட்டதும் வந்தது. மீனவரிடம் நேரமே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக, பணக்காரர் நல்லவர், ஏழை கெட்டவர் என்றா சொல்ல முடியும்? அப்படிச் சொன்னால் அதைவிட அபத்தம் கிடையாது. எனக்குத் தோன்றுவது வேறு. நல்லது செய்யக் கருணை மட்டும் போதாது. கொஞ்சம் இடம் வேண்டும். நாளில் இடம், படகில் இடம், திட்டத்தில் இடம்.

இதை ஒரு பரிசோதனையே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள். ஆய்வு வெளியானது 1973-ல். பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். அவர்களில் சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய 'நல்ல சமாரியன்' கதை. போகிற வழியில் ஓர் ஆள் முனகிக்கொண்டு சரிந்து கிடக்கும்படி ஏற்பாடு. நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவிகிதம் பேர் நின்று உதவினார்கள். 'லேட்டாயிடுச்சு, ஓடுங்க' என்று விரட்டப்பட்டவர்களில் நின்றவர்கள் 10 சதவிகிதம்தான். சமாரியனைப் பற்றிப் பேசவே ஓடிக்கொண்டிருந்தவர்களும் கீழே கிடந்தவனைத் தாண்டித்தான் ஓடினார்கள்.

சிரிக்காதீர்கள். நானும் தாண்டியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், எழும்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு பெரியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. என் ரயிலுக்கு எட்டு நிமிஷம்தான் இருந்தது. 'யாராவது பார்ப்பார்கள்' என்று ஓடினேன். ரயில் நாற்பது நிமிஷம் லேட். அந்த நாற்பது நிமிஷமும் பிளாட்பாரத்தில்தான் நின்றேன். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. போனால் அங்கே என்ன பார்க்க நேருமோ என்ற பயம். அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடலில் அப்படி ஓட முடியாது. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 98-வது பிரிவு, கடலில் உயிராபத்தில் இருப்பவர் யாரானாலும் கப்பல் தலைவன் உதவியாக வேண்டும் என்கிறது. ஒரே விதிவிலக்கு, தன் கப்பலுக்கும் அதில் உள்ளவர்களுக்கும் பெரிய ஆபத்து வரக் கூடாது. என்ன நாடு, என்ன பாஸ்போர்ட் என்ற கேள்வி கிடையாது. ரேடியோவில் 16-ம் சேனல் என்று ஒன்று உண்டு. ஆபத்துக் குரல் அதில்தான் வரும். என் மருமகன் ஏறப்போகிற படகிலும் அது இருக்கும்.

சட்டத்துக்கும் முந்தியது ஒரு கதை. இத்தாக்காவின் ராஜா ஒடிசியஸ் பத்து வருடம் கடலில் அலைந்து, கப்பலை இழந்து, கூட்டாளிகளை இழந்து, அம்மணமாக ஒரு கரையில் ஒதுங்குகிறான். அந்த ஊர் இன்றைய கார்ஃபு தீவு என்பது மரபு. அங்கே இளவரசி அவனுக்குத் துணி கொடுக்கிறாள். ராஜா விருந்து வைக்கிறார். பிறகு ஒரு கப்பலில் ஏற்றி இத்தாக்காவில் இறக்கிவிடுகிறார்கள். மூவாயிரம் வருடப் புகழுள்ள அந்த மாவீரனும் கடைசிக் கட்டத்தில் ஓர் அகதிதான். இன்னொருவர் படகில் இடம் இருந்ததால் வீடு போய்ச் சேர்ந்தவன்.

கதை அதோடு முடியவில்லை. அவனை இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பலைக் கடல் தெய்வம் கோபத்தில் கல்லாக்கிவிடுகிறது. உதவினால் விலை கொடுக்க வேண்டிவரும் என்பதையும் ஹோமர் மறைக்கவில்லை.

சரி, போகலாமா கூடாதா?

இவர்கள் டிக்கெட்டை ரத்து செய்வதால் கடலில் ஓர் உயிர்கூட மிஞ்சப்போவதில்லை. பிரேவேசாவில் பாய் தைப்பவருக்கும், தீவில் மீன் வறுத்துப் போடுகிறவருக்கும் வருமானம் போகும், அவ்வளவுதான். இத்தாக்காவுக்கும் கெஃபலோனியாவுக்கும் நடுவே அகதிப் படகு எதிரே வரும் வாய்ப்பும் குறைவு. இன்ஜின் நின்றுபோன இன்னொரு டூரிஸ்ட் படகுதான் கை காட்டும். அதற்கும் அரை நாள் போகும்.

சந்தோஷமாக இருப்பது பாவமில்லை. ஒரு கை நீண்டால் பிடிக்க முடியாத அளவுக்குச் சந்தோஷத்தை நெருக்கி அடுக்கிவைப்பதுதான் தப்பு. போர்ட்டோபாலோ மீனவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்த இடத்தையும் டால்பினுக்கும் போட்டோவுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டால், அந்த மீனவருக்கு இருந்த நியாயம்கூட நமக்கு இருக்காது.

பிரேவேசாவுக்குச் சற்று வடக்கே நிக்கோபொலிஸ் என்ற பாழடைந்த நகரம் இருக்கிறது. சுமார் 1,900 வருடங்களுக்கு முன் எபிக்டெட்டஸ் அங்கேதான் பாடம் நடத்தினார். அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமானவர், ரோமிலிருந்து துரத்தப்பட்டவர். கடல் பயணத்தை உதாரணமாக வைத்து அவர் சொன்னது இதுதான்: மாலுமியைத் தேர்ந்தெடுப்பது, நாளைத் தேர்ந்தெடுப்பது உன் கையில். புயல் உன் கையில் இல்லை. அதை நினைத்துக் கலங்காதே. எவ்வளவு தெளிவு! நான் ஒரு வரியை மட்டும் கூடச் சேர்ப்பேன். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நாள் உபரியாக எடு. அதுவும் உன் கையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் மருமகனிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "போய்ட்டு வா. ஆனா அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி ஒரு நாளை அழிச்சிடு" என்றேன், அவ்வளவுதான்.

நேற்று புது ஷீட் வந்தது. டால்பினைக் காணோம். புதன்கிழமைக்குக் கீழே காலை முதல் இரவு வரை வெள்ளையாக விட்டிருக்கிறான். குழுவில் அந்தப் பெண் முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறாளாம்.

ஷீட்டை மூடிவிட்டு என் டைரியைப் புரட்டினேன். இந்த வாரம் முழுக்க நிரம்பியிருக்கிறது. அடுத்த வாரமும்தான். எதை அடிப்பது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.