கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே, காவலும் நீங்கள்தான்!

ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறீர்கள். கடனுக்குச் சரக்கு கேட்பவர் திருப்பித் தருவாரா என்பதை, அவர் கேட்கிற தோரணையிலேயே எடைபோட்டு விடுகிறீர்கள். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதே இல்லை. இத்தனை விவரமான நீங்களா, "இந்த ஃபோன் சமாச்சாரமெல்லாம் எனக்குத் தெரியாது, பையன்தான் பார்ப்பான்" என்று சொல்வது?

போதும்! அந்தப் பேச்சை இன்றோடு விட்டுத் தள்ளுங்கள். அதை நம்பித்தான் ஒரு திருட்டுக் கூட்டமே பிழைப்பு நடத்துகிறது.

திருடனிடம் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது. உங்கள் அவசரம், உங்கள் கூச்சம், இந்த இரண்டும்தான் அவன் முதலீடு. சாயங்காலக் கூட்டத்தில் பத்துப் பேர் நிற்கும்போது ஒருவன் ஃபோனை நீட்டுகிறான். பச்சை டிக் தெரிகிறது. "அனுப்பிட்டேண்ணே" என்கிறான். கல்லாப் பக்கத்துச் சவுண்ட் பாக்ஸ் வாய் திறக்கவில்லை. கேட்டால் தப்பாக நினைப்பானோ என்று நீங்கள் பொட்டலத்தைக் கொடுத்து விடுகிறீர்கள். பணம் போனதாகக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. அந்தப் பச்சை டிக்கை எவன் வேண்டுமானாலும் உருவாக்கலாம். "ஒரு நிமிஷம் தம்பி, என் கணக்குல ஏறட்டும்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். சில்லறையை எண்ணி வாங்குவதற்குக் கூச்சப்பட்டீர்களா? இதற்கு மட்டும் என்ன கூச்சம்?

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் க்யூஆர் ஸ்டிக்கர் மேல் திருடர்கள் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். சரக்கு கடைக்காரர்களுடையது, பணம் போனது வேறொருவன் கணக்குக்கு. திரையில் வேறு பெயர் வருகிறதே என்று வாடிக்கையாளர் சொல்லித்தான் ஒரு கடைக்காரருக்கே விஷயம் தெரிந்தது. கடை திறந்து சாமிக்கு ஊதுபத்தி ஏற்றும் கையோடு உங்கள் ஸ்டிக்கரை நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் பெயர் வருகிறதா? வியாபாரத்தைத் தொடங்குங்கள்!

இன்னொருவன் ராணுவ அதிகாரி என்று பேசுவான். கேன்டீனுக்கு மொத்தமாகச் சரக்கு வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பான். பெரிய ஆர்டர் என்றதும் மனசு துள்ளும். அந்த நொடியில் நெஞ்சில் ஆணியடித்தாற்போல ஒரு விதி நிற்கட்டும்: யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், ஒருபோதும் வராது.

கடையின் கதவுக்கும் இதே விழிப்பு வேண்டும். 2019 அக்டோபரில் திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையம் அருகே இருந்த பெரிய நகைக்கடையில் திருடர்கள் கதவைத் தொடவே இல்லை. சுவரில் துளை போட்டு நுழைந்தார்கள். முகமூடி போட்டிருந்தார்கள், கேமரா அவர்களைப் படம்தான் பிடித்தது. கோடிக்கணக்கில் நகை போனது விடிந்த பிறகுதான் தெரிந்தது. கேமரா சாட்சி சொல்லும், தடுத்து நிறுத்தாது. தடுக்க அலாரம் வேண்டும். ஒருநாள் ராத்திரி உங்கள் கடையைத் திருடனின் கண்ணோடு சுற்றி வாருங்கள். பின்சுவர், கக்கூஸ் ஜன்னல், மொட்டைமாடிக் கதவு எல்லாம் எப்படி இருக்கின்றன? கேமரா பதிவுப் பெட்டி கல்லாவுக்கு அடியிலேயே இருந்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். தனியாக, பூட்டிய இடத்தில் வையுங்கள். அதன் பாஸ்வேர்டு இன்னமும் வாங்கும்போது இருந்த 'அட்மின்'தானா? இன்றைக்கே மாற்றுங்கள்.

வேலைக்கு நிற்பவர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பில் போடும் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். கணக்கு குறைந்தால் நல்ல பையன் மேல் பழி விழாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே சாவியும் பாஸ்வேர்டும் மாறட்டும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்தும் ஆபத்து வரும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் ஏறக்குறைய 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது! அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வாரம் ஒருமுறை கணக்கை நகலெடுத்து, அந்தப் பென்டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கம்ப்யூட்டரில் செருகியே கிடந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

திருட்டுக் காப்பீடு எடுத்தீர்களா? பூட்டை உடைத்த தடயமோ சுவரைப் பெயர்த்த தடயமோ இல்லாவிட்டால் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். புரியாததை முகவரிடம் கேளுங்கள். பிரீமியம் கட்டுபவர் நீங்கள், கேட்கும் உரிமையும் உங்களுடையது.

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால்? தலையைக் குனியாதீர்கள்! வெளியில் சொன்னால் மானக்கேடு என்று நீங்கள் மூடி மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் அனுமதியில்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால், உங்கள் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி போட்டிருக்கிறது. வெட்கப்பட வேண்டியவன் திருடன், நீங்கள் அல்ல.

சொந்தக் காசைப் போட்டு, வட்டி கட்டி, தூக்கம் கெட்டு வளர்த்த கடை இது. பத்து ரூபாய் சரக்கில் ஐம்பது காசு லாபம் பார்க்கத் தெரிந்த மூளைக்கு ஒரு பாஸ்வேர்டா பெரிது? நாளை காலை கடை திறந்ததும் ஸ்டிக்கரைச் சோதியுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், 1930-ஐக் கல்லாவுக்கு மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தெருவே விழித்துக்கொண்டால் எந்தத் திருடனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்!